ஈறும் சர்க்கரையும்

நீரிழிவு கண்டவர்கள் கண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். காலில் சிறு கீறல் பட்டாலும் பதறுகிறார்கள். காலையில் பல் துலக்கும்போது ரத்தம் கலந்து வந்தால் மட்டும், "பிரஷ் குத்திவிட்டது" என்று சொல்லி, வாயைக் கொப்புளித்துவிட்டுக் காப்பிக்கு உட்கார்ந்து விடுகிறார்கள். ஹரால்ட் லோ என்னும் தந்த வைத்திய நிபுணர், நீரிழிவினால் விளையும் உபத்திரவங்களில் ஈறு நோயை ஆறாவதாகச் சேர்க்க வேண்டுமென்று 1993-ம் வருஷத்திலேயே எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக் குழாய்கள், எளிதில் ஆறாத புண் ஆகிய ஐந்துக்கும் அடுத்தது இது.

பல்லும் ஈறும் கூடுமிடத்தில் கிருமிகள் படலமாகப் படிவது எல்லோருக்கும் உள்ளதே. ரத்தத்தில் சர்க்கரை மிகுந்து நாட்பட நின்றாலோ, அது உடலிலுள்ள புரதங்களோடு ஒட்டி அவற்றைக் கெடுக்கிறது. கெட்ட புரதங்கள் ஈற்றில் தங்கி அழற்சியைக் கிளறுகின்றன. கிருமியை விழுங்க வரும் வெள்ளை அணுக்கள் தம் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. வந்த இடத்தை விட்டு விலகுவதுமில்லை. பல்லைத் தாங்கும் நாரும் எலும்பும் கரைந்து பல் ஆடத் தொடங்குகிறது. பெரும்பாலும் வலி இராது; ஆகையால்தான் அநேகர் ஏமாந்து போகிறார்கள். சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியவர்களுக்கோ இந்த அபாயம் மற்றவர்களுக்கு உள்ள அளவை ஒட்டியே இருக்கிறது.

இதற்கு எதிர்வழியும் உண்டு. அழற்சி கண்ட ஈற்றிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருள்கள் இன்ஸுலினின் வேலைக்கு இடையூறு செய்கின்றன. அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்துக் கீலா நதிப் பிரதேசத்தில் வாழும் பீமா ஜனங்களை 1965 முதல் நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். ஆரம்பத்தில் கடுமையான ஈறு நோய் இருந்த நீரிழிவுக்காரர்களுக்கு, இரண்டு வருஷங்களுக்குப் பின் சர்க்கரை கட்டுமீறுவது அதிகமென்று 1996-ல் வெளியிட்டார்கள்.

இந்தப் பீமாக்கள் வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்து செழித்த ஜனங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேலே குடியேறிய வெள்ளையர் நதிநீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் போயிற்று, மாவும் கொழுப்பும் சர்க்கரையும் சர்க்கார் படியாக வந்தன. 2006-ல் வெளியான கணக்கில் அமெரிக்கப் பீமாக்களில் நூற்றுக்கு 38 பேருக்கு நீரிழிவு. மெக்ஸிகோ மலைகளில் உழுது வாழும் அவர்களுடைய உறவினர்களிடையே 6.9 தான். நீரிழிவெல்லாம் நாக்கின் குற்றமே என்போர் இதை யோசிக்கட்டும்.

ஈற்றைச் சுத்தம் செய்தால் சர்க்கரை இறங்குமா? 2013-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு பரிசோதனை இல்லை என்றது. 35 பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் ஆய்வு, சிகிச்சைக்கு மூன்று நான்கு மாதங்களுக்குப் பின் எச்பிஏ1சி அளவு சராசரி 0.43 குறைந்ததென்று 2022-ல் அறிவித்தது. அதாவது 8 என்றிருந்தது ஏறக்குறைய ஏழரை ஆகும். மருந்துக்குப் பதிலாக இதைக் கொள்ளலாகாது. ஆயினும் அற்பமென்று தள்ளவும் இயலாது.

தந்த வைத்தியரிடம் தம் நீரிழிவைச் சொல்லாமல் பல்லை மாத்திரம் காட்டுவோர் பலர். சமீபத்திய ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையோடு கொண்டு போவது நலம். இன்ஸுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், வைத்தியர் வேறு விதமாகச் சொல்லாவிடில், வழக்கமான வேளையில் ஆகாரம் உண்டே போக வேண்டும். மருந்தை எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு சென்றால் நாற்காலியிலேயே சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும்.