மனநோய்க்குப் பெயரிடுவது யாருக்காக? நோயறிதல், வகைப்பாடு குறித்து எங்கள் நிலைப்பாடு

மனநோய்களை அறிகுறிகளைக் கொண்டு வகைப்படுத்தி, பெயரிட்டு, அந்தப் பெயரின் துணையோடு சிகிச்சையைத் தீர்மானிக்கும் இன்றைய முறையை எங்கள் அமைப்பு ஆதரிக்கிறது. அதே பெயரை மருத்துவமனைக்கு வெளியே எடுத்துச் சென்று, ஒருவர் திருமணத்துக்குத் தகுதியானவரா, வேலைக்கு லாயக்கானவரா, சொத்தைக் கவனித்துக்கொள்ளக் கூடியவரா என்று முடிவுகட்டுவதை எதிர்க்கிறது. இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்பவர்கள் உண்டு. மனநோய் என்று ஒன்றே கிடையாது, எல்லாம் மருந்துக் கம்பெனிகளின் வேலை என்பவர்கள் ஒரு பக்கம். டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார், இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்பவர்கள் மறுபக்கம். இரு தரப்பாரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். மனநல மருத்துவர் எழுதும் நோயின் பெயர், ரத்தத்தில் சர்க்கரை இத்தனை என்று சொல்லும் அறிக்கையைப் போல இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படி இல்லை என்று கண்டதும் முதல் தரப்பார் எல்லாவற்றையும் தள்ளுகிறார்கள்; அப்படித்தான் இருக்கிறது என்று நம்பி இரண்டாம் தரப்பார் எல்லாவற்றையும் அதன் தலையில் ஏற்றுகிறார்கள்.

நோயறிதல் எப்படி நடக்கிறது என்பதை ஒரு சாதாரணப் புகாரை வைத்துப் பார்க்கலாம். 'தூக்கம் வரலை' என்று மூன்று பேர் மருத்துவரிடம் வருகிறார்கள். ஒருவர் படுத்து வெகு நேரம் புரள்கிறார். நெஞ்சு படபடக்கிறது, நாளைக்கு என்ன ஆகுமோ என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்னொருவர் படுத்ததும் தூங்கிவிடுகிறார். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு தட்டிவிடுகிறது, இன்னொரு நாளை எப்படிக் கழிப்பது என்ற மலைப்போடு விட்டத்தைப் பார்த்துக் கிடக்கிறார். மூன்றாமவர் இரண்டு மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லாமல், நள்ளிரவில் எழுந்து வீட்டுக்கு வெள்ளையடிக்கத் தொடங்குகிறார். அவரை வீட்டார்தான் அழைத்து வந்திருக்கிறார்கள், அவரைக் கேட்டால் தன்னைப் போல ஆரோக்கியமானவர் ஊரில் இல்லை என்பார். முதலாமவருக்குப் பதற்ற நோய், இரண்டாமவருக்குக் கடும் மனச்சோர்வு, மூன்றாமவருக்கு இருமுனை நோயின் மனவெழுச்சிக் கட்டம் இருக்கலாம். தைராய்டு கோளாறோ, குடிப்பழக்கமோ, வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரையோ காரணமாக இருக்கவும் கூடும் என்பதால் அவற்றையும் பார்த்தாக வேண்டும். மூவருக்கும் ஒரே தூக்க மாத்திரையைக் கொடுத்து அனுப்புவது வைத்தியம் ஆகாது. அந்த மூன்றாமவரே ஆறு மாதம் கழித்துச் சோர்ந்த கட்டத்தில் வந்து, முன்பு வெள்ளையடித்த கதையை யாரும் கேட்காமல் மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால், அது அவரை மறுபடி எழுச்சிக் கட்டத்துக்குத் தள்ளிவிடக் கூடும். அவருக்குத் தேவை லித்தியம் போன்ற மனநிலையைச் சீராக்கும் மருந்து. பெயர் வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

அந்தப் பெயருக்கு ஊரெல்லாம் ஒரே வரையறை வேண்டும் என்பது இரண்டாவது. அப்படி ஒன்று இல்லாத காலத்தில் நடந்ததற்கு 1960களின் இறுதியில் அமெரிக்க, பிரிட்டிஷ் மருத்துவர்கள் சேர்ந்து செய்த ஆய்வு சாட்சி. நியூயார்க் மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களில் மனச்சிதைவு நோயாளிகள் என்று எழுதப்பட்டவர்கள் மிக அதிகம். லண்டனில் மனச்சோர்வு, மனவெழுச்சி என்று எழுதப்பட்டவர்கள் அதிகம். ஆய்வுக் குழு இரு ஊர் நோயாளிகளையும் ஒரே கேள்விகளோடும் ஒரே வரையறையோடும் பேட்டி கண்டபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துபோனது. இரு ஊர் நோயாளிகளும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். மருத்துவர்கள்தாம் வேறு வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல், ராபர்ட் ஸ்பிட்சரின் தலைமையில் வெளியிட்ட டிஎஸ்எம் என்ற மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு இந்தக் குழப்பத்துக்கு விடை தேடியது. நோயின் காரணம் பற்றிய கோட்பாட்டுச் சண்டைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, கேட்டும் பார்த்தும் அறியக்கூடிய அறிகுறிகளை எண்ணிக்கையோடும் கால அளவோடும் வரையறுத்தது. பட்டியலில் டிக் அடித்துவிட்டால் நோயறிதல் முடிந்தது என்ற சோம்பேறித்தனத்தையும் அதே பதிப்புதான் வளர்த்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் பழைய நிலைக்குத் திரும்ப யாரும் விரும்பமாட்டார்கள். இந்தியாவில் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 பின்பற்றச் சொல்வது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி வகைப்பாடு உள்ளிட்ட, ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களை. ஐசிடியின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

இவ்வளவு உழைத்தும் இந்தப் பெயர்கள் எவ்வளவு உறுதியானவை? டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்பு 2013இல் வருமுன் நடந்த கள ஆய்வில், ஒரே நோயாளியைத் தனித்தனியே பார்த்த இரு மருத்துவர்கள் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறார்கள் என்று அளந்தார்கள். தற்செயலாக ஒத்துப்போனால் 0, முழுமையாக ஒத்துப்போனால் 1. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்க்கு 0.67, மனச்சிதைவுக்கு 0.46 கிடைத்தது. உலகமே அறிந்த மனச்சோர்வுக்குக் கிடைத்தது 0.28. இதில் வியப்பில்லை. அந்தக் கையேட்டின்படி ஒன்பது அறிகுறிகளில் ஐந்து, இரண்டு வாரம் நீடித்தால் மனச்சோர்வு என்று கொள்ளலாம். அப்படியானால் அந்தப் பெயரைப் பெற்ற இருவருக்கு ஒரே ஒரு அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கலாம். பசியே இல்லாமல் இளைப்பவரும், ஓயாமல் சாப்பிட்டு எடை கூடுபவரும் அந்தப் பட்டியலில் ஒரே வரியில்தான் வருகிறார்கள். மனச்சிதைவு என்று எழுத அறிகுறிகள் ஆறு மாதம் நீடிக்க வேண்டும் என்கிறது டிஎஸ்எம். ஒரு மாதம் போதும் என்கிறது ஐசிடி. மூன்றாம் மாதத்தில் இருக்கும் ஒருவருக்கு ஒரு புத்தகப்படி அந்த நோய் உண்டு, மற்றதன்படி இன்னும் இல்லை. வரலாறு இதைவிடக் கசப்பானது. அமெரிக்கத் தோட்டங்களிலிருந்து அடிமைகள் தப்பியோடுவதையே ஒரு மனநோயாக வகைப்படுத்தி 1851இல் எழுதினார் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர். தன்பாலீர்ப்பு 1973 வரை அமெரிக்கக் கையேட்டிலும் 1990 வரை உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் இருந்தது. அதை 'மாற்றுகிறோம்' என்று சிகிச்சை அளிப்பதைத் தடை செய்ய 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. பட்டியலிலிருந்து நீக்கி முப்பது ஆண்டுகளாகியும், நம் ஊரில் அந்தப் பெயர் அப்போதும் ஆளைத் துரத்திக்கொண்டிருந்தது.

இதைக் கேட்டதும், ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லாத ஒன்றை நோய் என்றே எப்படிச் சொல்லலாம் என்ற ஆட்சேபம் எழும். ஒற்றைத் தலைவலியையும் மருத்துவர் நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார். ஸ்கேனில் தெரியவில்லை என்பதற்காக வலி பொய் என்று யாரும் சொல்வதில்லை. காரணம் தெரியாமல் அறிகுறிகளை மட்டும் கவனமாகத் தொகுத்ததும் வீண் போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு மனநோய் விடுதிகளில் பலரைச் சாகடித்த ஒருவகைப் பக்கவாதப் பைத்தியத்தை மருத்துவர்கள் முதலில் அறிகுறிகளைக் கொண்டுதான் தனி நோயாகப் பிரித்தார்கள். அந்த நோயாளிகளின் மூளையில் மேகப்புண் கிருமி இருப்பதை நோகுச்சி, மூர் என்ற ஆய்வாளர்கள் 1913இல் கண்டார்கள். முன்பே தனியாகப் பிரித்து வைத்திருந்ததால்தான் காரணத்தை அங்கே தேட முடிந்தது. இன்றைய வகைகளில் எது நாளை நிலைக்கும், எது கலைந்துபோகும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. தற்காலிகமானது என்று தெரிந்தே பயன்படுத்தும் ஒன்றுக்குத் தற்காலிகமான அதிகாரத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்பதே எங்கள் வாதம்.

இது மேல்நாட்டார் வகுத்த பட்டியல், நம் மக்களுக்கு எப்படிப் பொருந்தும் என்பது இன்னொரு ஆட்சேபம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. மனம் சரியில்லை என்று சொல்லத் தயங்கி, தலை பாரம், உடம்பு எரிச்சல், கைகால் மரமரப்பு என்று உடம்பின் வழியாகவே சொல்பவர்கள் இங்கே ஏராளம். பட்டியலை அப்படியே வாசித்துக் கேள்வி கேட்கும் மருத்துவர் அவர்களைத் தவறவிடுவார். கோயில் கொடையில் சாமியாடுபவரை நோயாளி என்று எழுதுபவர் எதிர்ப்பக்கத்துத் தவறைச் செய்கிறார்; சமூகம் ஏற்றுக்கொண்ட சமயச் சடங்கின் பகுதியாக வரும் ஆவேசத்தை நோயாகக் கொள்ளக் கூடாது என்று ஐசிடி பதினோராம் பதிப்பே சொல்கிறது. மறுபாதிக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 1960களில் தொடங்கி ஒன்பது நாடுகளில் நடத்திய மனச்சிதைவு ஆய்வில் ஆக்ராவும் ஒரு மையம். நோயின் அடிப்படை அறிகுறிகள் லண்டனிலும் ஆக்ராவிலும் நைஜீரியாவின் இபாதானிலும் அடையாளம் காணத் தக்க அளவுக்கு ஒத்திருந்தன. நோயின் போக்கு ஊருக்கு ஊர் வெகுவாக வேறுபட்டது. வளரும் நாடுகளின் நோயாளிகள் நன்றாகத் தேறினார்கள் என்ற அதன் முடிவு பற்றி இன்றும் விவாதம் ஓயவில்லை. சென்னையில் 1980களின் தொடக்கத்தில், முதன்முறையாக மனச்சிதைவு கண்ட 90 பேரைச் சேர்த்துப் பல்லாண்டு பின்தொடர்ந்தார்கள். முதல் பத்தாண்டின் முடிவில் கணிசமானோர் நல்ல நிலையில் இருந்தார்கள்; மணவாழ்வில் நிலைத்தவர்களும் அவர்களில் பலர். ஒரே பெயர் பெற்றவர்களின் வாழ்க்கை இப்படிப் பல திசையில் போகிறது என்றால், அந்தப் பெயரை வைத்து ஒருவரின் வருங்காலத்தைக் கணிப்பது எப்படி?

அரசு மருத்துவமனையில் வாசல்வரை வரிசை நிற்கும்போது இவ்வளவு நுணுக்கத்துக்கு நேரம் ஏது என்று மருத்துவர்கள் கேட்பார்கள். அவர்களின் சிரமத்தை நாங்கள் அறிவோம். தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16இல், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தபோது, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநோய் இருந்ததும், நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமல் இருந்ததும் தெரியவந்தன. ஆகவே பெயரிடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. இங்கே பெரிய ஆபத்து, நோய் கண்டறியப்படாமலே போவதுதான். முதல் சந்திப்பில் எழுதும் பெயருக்கு முன்னால் 'உத்தேசமாக' என்று ஒரு சொல் சேர்க்க நேரம் பிடிக்காது. தேதி, கடுமை, எந்த அறிகுறிகளைக் கொண்டு இந்த முடிவு என்று ஒரு வரி, மறுமுறை பார்க்கும்போது மாற்றினால் ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி: இவ்வளவுதான் கேட்கிறோம். நோயாளிக்கும் அந்தப் பெயரைப் புரியும்படி சொல்ல வேண்டும். வீட்டாரின் மனம் நோகக் கூடாது என்று 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி அனுப்பினால், இரண்டு மாதத்தில் சத்து மாத்திரை போதும் என்று முடிவு செய்து மருந்தை நிறுத்திவிடுவார்கள். செல்போனில் மனச்சோர்வு பற்றிய ஒன்பது கேள்விக்குப் பதில் சொல்லி மதிப்பெண் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தக் கேள்வித்தாள் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்று சொல்லும், என்ன நோய் என்று சொல்லாது.

இனி, மருத்துவமனைக்கு வெளியே. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு தெளிவாகவே இருக்கிறது. ஒருவருக்கு மனநோய் இருப்பதாகத் தீர்மானித்தாலும், நீதிமன்றம் அறிவிக்காதவரை அவர் சித்தசுவாதீனம் அற்றவர் என்று பொருள் கொள்ளக் கூடாது; முன்பு சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே இன்றைக்கு நோய் உண்டு என்பதற்குக் காரணமாகாது; சமூகத்தின், மதத்தின் நெறிக்கு ஒத்துவராதவர் என்பதை வைத்து எவரையும் மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது. இதற்கு நேர் எதிராக நிற்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. விவாகரத்துக்குக் காரணமாகும் மனக்கோளாறை அது விளக்கும்போது, மனச்சிதைவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இதே விளக்கம் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 1988இல் ராம் நாராயண் குப்தா வழக்கில், மனச்சிதைவு என்று பெயர் சூட்டிவிடுவது போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு நோய் இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும், பழைய மருந்துச் சீட்டு ஒன்று கிடைத்தால் வழக்கு முடிந்தது என்ற நினைப்பு மக்களிடம் போகவில்லை. நோயை மறைத்துப் பெண்ணையோ பிள்ளையையோ கட்டிவைக்கிறார்களே, ஏமாந்தவர்களுக்கு வழி என்ன என்று கேட்பது நியாயமான கேள்வி. முக்கியமான உண்மையை மறைத்து மோசடியாகச் சம்மதம் பெற்ற திருமணத்தை ரத்து செய்ய அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்கு ஒரு நோயின் பெயரைச் சட்டத்தில் எழுதிவைக்க வேண்டியதில்லை. பெயர் இல்லாவிட்டால் கடுமையை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு அரசே பதில் வைத்திருக்கிறது. மனநோயால் ஏற்படும் ஊனத்துக்குச் சான்றிதழ் தரும்போது, தன்னைப் பராமரித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது ஆகியவற்றை ஐடியாஸ் என்ற அளவுகோலால் மதிப்பிடுகிறார்கள். சலுகை தர இப்படி ஆளைப் பார்த்து அளக்கும் அரசு, உரிமையைப் பறிக்கும் இடத்திலும் அதையே செய்யலாம்.

வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் நோயின் பெயரைக் கேட்பதை விட்டு, இந்த வேலையை இவரால் செய்ய முடியுமா என்பதை மட்டும் கேட்க வேண்டும். குடும்பநல நீதிமன்றங்கள் பழைய சீட்டை ஆதாரமாக ஏற்குமுன், அந்த மனிதரின் இன்றைய நிலை பற்றிய மதிப்பீட்டைக் கேட்டுப் பெற வேண்டும். மருத்துவர்கள், வழக்குக்காக என்று வந்து நிற்கும் உறவினரிடம், நோயாளியைப் பாராமல் சான்றிதழ் எழுதித் தரக் கூடாது. இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவு விளக்கத்திலிருந்தும், சிறப்புத் திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு விளக்கத்திலிருந்தும் மனச்சிதைவு என்ற பெயரை நீக்கத் திருத்தம் கொண்டுவருமாறு மத்திய அரசையும், அதற்குக் குரல் கொடுக்குமாறு தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.