பின் வரிசையில் ஓர் இடம்

வருஷக்கணக்கில் சர்ச் வாசற்படியை மிதிக்காத ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று வந்து பின் வரிசையில் உட்காருகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள், சகோதரி? "இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்கத்தானே நாக்குத் துடிக்கும்?

சற்றுப் பொறுங்கள். 'நார்னியா' கதைகளை எழுதினாரே சி. எஸ். லூயிஸ், அவர் 1898-ல் பெல்பாஸ்டில் பிறந்தவர். ஒன்பதாவது வயதில் தாயாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அம்மா பிழைக்க வேண்டுமென்று அந்தக் குழந்தை செய்த பிரார்த்தனை பலிக்கவில்லை. பள்ளி நாட்களிலேயே தெய்வ நம்பிக்கையும் போய்விட்டது. ஆக்ஸ்போர்டில் ஆசிரியரான பிறகு, 1931 செப்டம்பரில் ஓர் இரவு, நண்பர்கள் டோல்கீனும் டைஸனும் நடுநிசி கடந்தும் அவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வருஷக் கிறிஸ்துமஸ் தினத்தன்று, ஹெடிங்டன் குவாரி கிராமத்து ஆலயத்தில் லூயிஸ் திருவிருந்தில் கலந்துகொண்டார். வேடிக்கையைக் கேளுங்கள்: அதே நாளில், எங்கோ ஷாங்காயில், விலகியிருந்த அவருடைய தமையனாரும் திருவிருந்து பெற்றார்!

திரும்பி வந்ததும் எல்லாம் இனித்ததா? இல்லை. ஆலயப் பாட்டுகள் லூயிஸுக்குப் பிடிக்கவேயில்லை. ஆனால் எதிர் வரிசையில், பழைய பூட்ஸ் அணிந்த ஒரு கிழவர் அதே பாட்டை உருகிப் பாடினார். அந்தப் பூட்ஸைத் துடைக்கவும் தமக்குத் தகுதியில்லை என்று லூயிஸ் உணர்ந்தார். அவருடைய கர்வம் கரைந்தது.

ஆகையால், பின் வரிசைக்கு வந்தவரிடம் கணக்குக் கேட்காதீர்கள். அது உங்கள் பிள்ளையாக இருந்தாலும் சரிதான். சற்று நகர்ந்து இடம் கொடுங்கள். பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தை எடுத்து நீட்டுங்கள். அடுத்த வாரமும் வருவார்!