வீட்டுத் தோட்டத்தில் சௌனா: ஜொகூர் குடும்பங்கள் பார்க்க வேண்டிய கணக்கு

ஜொகூர்பாரு, இஸ்கண்டார் புத்ரி, கூலாய் பகுதிகளில் தரை வீடு வாங்கியவர்களுக்குக் கொஞ்சம் வெளியிடம் இருக்கும். அந்த இடத்தில் மரத்தாலான சௌனா அறை ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை இப்போது சிலருக்கு எழுகிறது. 'ஒருமுறை செலவு, ஆயுளுக்கும் ஆரோக்கியம்' என்பதுதான் பலரின் எண்ணம். அது இரண்டு வகையிலும் முழு உண்மையல்ல.

முதலில் செலவு. பொதுவான 6 கிலோவாட் சூடேற்றி ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 6 யூனிட் மின்சாரம் போகும். வாரம் நான்கு முறை என்றால் மாதத்திற்கு ஏறக்குறைய 100 யூனிட். 2025 ஜூலை முதல் நடப்பில் உள்ள தெனாகா நேஷனலின் புதிய கட்டணத்தில், 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு ஒரு யூனிட் 44.43 சென். ஆக, சுமார் 45 ரிங்கிட். பெரிய தொகையாகத் தெரியாது.

ஆனால் கவனிக்க வேண்டியது 600 யூனிட் எல்லை. குளிர்சாதனத்தோடு 550 யூனிட் பயன்படுத்தும் வீடு, சௌனா வந்ததும் அந்த எல்லையைத் தாண்டிவிடும். தாண்டினால் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம், மாதந்தோறும் மாறும் எரிபொருள் சரிக்கட்டல், 600க்கு மேற்பட்ட பயன்பாட்டிற்கு 8 விழுக்காடு சேவை வரி ஆகியவை சேரும். குறைவாகப் பயன்படுத்துவோருக்கான ஊக்கக் கழிவும் சுருங்கும்.

6 கிலோவாட் என்பது சாதாரண 13 ஆம்பியர் பிளக் தாங்கும் அளவைப்போல் இரு மடங்கு. எரிசக்தி ஆணையத்தில் பதிந்த மின் குத்தகையாளரைக் கொண்டு தனிக் கம்பி இழுக்க வேண்டும். 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி, புதிதாக எதையும் கட்டுவதற்கு முன் ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. சௌனாவுக்கும் அது வேண்டுமா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. விறகு அடுப்பு வகை என்றால், தொடர் வீட்டில் அதன் புகை நேராகப் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். நம் மழையும் கரையானும் மரத்தை விட்டுவைக்காது என்பதால் சிமெண்டுத் தளம், கூரை, ஆண்டுதோறும் பராமரிப்பு எல்லாம் தனிச் செலவு.

அடுத்து ஆரோக்கியம். 2015இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வு, 2,315 ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் கவனித்தது. அடிக்கடி சௌனா சென்றவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. ஆனால் சௌனாதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. அவர்கள் குளிர் நாட்டில் சிறு வயது முதல் அதற்குப் பழகியவர்கள்.

நம் நிலை வேறு. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம். நீரிழிவு இந்தியர்களிடையே அதிகம். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு 80 பாகை வெப்பத்தில் அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவருக்குச் சூடு பட்டாலும் தெரியாது. சளிக்குப் போர்வைக்குள் வேது பிடிப்பதும் இதுவும் ஒன்றல்ல.

ஆசை தவறில்லை. கடந்த ஆறு மாத மின் கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். மருத்துவரிடம் கேளுங்கள். உடற்பயிற்சி மையத்திலோ தங்கும் விடுதியிலோ உள்ள சௌனாவில் சில வாரம் பழகுங்கள். அதற்குப் பிறகும் விருப்பம் குறையவில்லை என்றால் வாங்கலாம்.