உடற்பயிற்சியும் எம்மவரின் ஆரம்ப சூரத்தனமும்

புத்தாண்டு பிறந்ததும் எம்மவர் வீடுகள் பலவற்றில் உடல் நிறையைக் குறைக்கும் வேகம் ஒன்றும் சேர்ந்தே பிறந்துவிடுகின்றது. அறுபது நாட்களில் அல்லது தொண்ணூறு நாட்களில் உடலையே மாற்றித் தருவதாக வாக்களிக்கும் கடும் பயிற்சித் தொடர்களைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு, அதுவரை இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கியவர்கள் துள்ளவும் குதிக்கவும் தொடங்குகின்றனர். பத்தாம் நாள் முழங்கால் வீங்குகின்றது. அல்லது மனம் சலிக்கின்றது. அத்துடன் உடற்பயிற்சி என்ற பேச்சே அவ்வீட்டில் அடங்கிவிடுகின்றது.

உடலைச் சீர்செய்ய வேண்டும் என்ற அவர்களது விருப்பத்தை நாம் குறைகூறவில்லை. அது மிகவும் அவசியமானது. ஆசிய மக்களுக்குக் குறைந்த நிறையிலேயே ஆபத்துத் தொடங்கிவிடுகின்றது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினர். அவர்களது அளவின்படி, 165 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவர் ஏறத்தாழ 63 கிலோவைத் தாண்டும்போதே கவனம் கொள்ளவேண்டும். தென்னாசியரை மாரடைப்பு ஏனையோரிலும் பார்க்கச் சில ஆண்டுகள் முன்னதாகவே தாக்குகின்றது என்பதும் ஆய்வுகள் கண்ட உண்மையாகும். ஒருவரின் ஊதியத்தை நம்பி இங்கே ஒரு குடும்பமும் ஊரில் இன்னொரு குடும்பமும் வாழும் எமது நிலையில், அந்த ஒருவர் படுக்கையில் விழுந்தால் சரிவது இரண்டு வீடுகள்.

எனினும், இந்நோய்களைத் தள்ளிவைப்பதற்குக் கடும் பயிற்சிதான் வழி என்பது தவறான எண்ணமாகும். நீரிழிவின் வாசற்படியில் நின்றவர்களிடையே அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், வாரத்திற்கு 150 நிமிட விரைந்த நடை போன்ற மிதமான பயிற்சியாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் நோய் ஏற்படும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. சென்னையை மையமாகக் கொண்டு நடந்து 2006இல் வெளியான ஆய்விலும் நடையும் உணவு மாற்றமும் கணிசமான பலனைத் தந்தன. அங்கெல்லாம் பலன் தந்தது வேகமன்று, விடாது தொடர்ந்தமையே.

பருத்த உடலுடன் துள்ளிக் குதித்து இறங்கும்போது, உடல் நிறையிலும் பன்மடங்கு பாரம் முழங்காலிலும் கணுக்காலிலும் விழுகின்றது. பழக்கமில்லாத தசைகளை முதல் நாளிலேயே வருத்தினால், அரிதாக அவை சிதைந்து சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். கடுமையான தசைவலியுடன் சிறுநீர் தேநீர் நிறத்தில் போகுமானால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

நாம் தஞ்சம் புகுந்த இந்தக் கனடா நாட்டிலேயே இதற்கொரு நல்ல முன்மாதிரி உண்டு. 1950களின் இறுதியில் கனடிய விமானப்படை தனது வீரர்களுக்காக ஒரு பயிற்சித் திட்டத்தை வெளியிட்டது. ஐந்தே பயிற்சிகள், நாளொன்றுக்கு 11 நிமிடங்கள், கருவி எதுவும் தேவையில்லை. எவ்வளவு வலிமை உடையவராயினும் அடிப்படியிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது அதன் விதி. வயது கூடக்கூட ஒரு படியில் தங்கவேண்டிய நாட்களும் கூடும். அதிலுள்ள சில அசைவுகளை முதுகின் நலன் கருதி இன்று தவிர்க்கச் சொல்வர். ஆயினும் அவ்விதி இன்றும் பொருந்தும். போர் விமானிக்கே அடிப்படி விதிக்கப்பட்டதென்றால், பத்தாண்டுகளாகப் பயிற்சியே செய்யாத நாம் உச்சிப்படியில் கால்வைப்பது என்ன நியாயம்?

ஆகவே, முதல் மாதத்தில் குதிப்பு வேண்டாம். நின்ற இடத்திலேயே நடக்கலாம். கதிரையில் அமர்ந்து எழும்பலாம். சுவரில் கைகளை ஊன்றித் தள்ளலாம். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். பயிற்சியின்போது பேச முடியவேண்டும். பேச்சுத் தடைப்பட்டால் வேகத்தைக் குறைக்கவேண்டும். அடுக்குமாடியில் கீழ்வீட்டாரின் முறைப்பாட்டுக்கும் இதனால் இடமில்லை. உடல் பழகப் பழக நிமிடங்களைக் கூட்டி, வேகத்தைப் பின்னர் கூட்டலாம். சில மாதங்களின் பின் அதே கடும் தொடரை எடுத்தாலும் உடல் தாங்கும்.

நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்கள் முதலில் குடும்ப வைத்தியரைக் கேட்கவேண்டும். இன்சுலின் போடுவோருக்குப் பயிற்சியின்போது சீனி திடீரெனக் குறையலாம். நெஞ்சு இறுக்கமோ, கைக்கும் தாடைக்கும் பரவும் வலியோ, குளிர்ந்த வியர்வையோ ஏற்பட்டால் உடனே 911ஐ அழைக்கவேண்டும்.

"நாள் முழுதும் நின்று வேலை செய்கின்றோம், இனிப் பயிற்சி எதற்கு?" என்று கேட்போர் உளர். உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலையிலும் நிற்பது உடலைக் களைக்கச் செய்யும். இருதயத்தைப் பலப்படுத்த அது போதாது. இரண்டு வேலை செய்பவரைச் சோம்பேறி என்று எவரும் சொல்லமுடியாது. நிறை கூடியதற்கு நேரந்தவறிய உணவும் உறக்கமின்மையும் ஓயாத மனச்சுமையும் காரணங்களாக உள்ளன. அப்படிப்பட்டவர் கூச்சத்தை விட்டுக் கையைக் காலை அசைக்கத் தொடங்கும்போது, "குண்டர் குதிக்கிறார்" என்று சொந்த வீட்டாரே சிரிப்பது கொடுமையாகும். அந்தச் சிரிப்பினால் பயிற்சியைக் கைவிட்டவர்கள் எம்மிடையே பலர்.

குறிப்பாக எமது தாய்மாரின் நிலையை எண்ணிப்பார்க்க வேண்டும். வேலை முடிந்து வந்து, சமைத்து, பிள்ளைகளின் பாடமும் பார்த்த பின் அவர்களுக்கு எஞ்சுவது எத்தனை நிமிடம்? அந்தப் பத்து நிமிடத்தைத் தருவது கணவரினதும் வளர்ந்த பிள்ளைகளினதும் கடமையாகும். கோப்பைகளை அவர்கள் கழுவட்டும். வரவேற்பறையைச் சற்றுநேரம் அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கட்டும்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்றனர் எம் முன்னோர். அகதியாய் வந்த மண்ணில் ஒவ்வொன்றையும் சிறுகச் சிறுகச் சேர்த்தே வாழ்வைக் கட்டியெழுப்பிய நாம், எமது உடலையும் அவ்வாறே கட்டியெழுப்புவோமாக.