பழைய டைம்ஷேர் பாதி விலைக்கு வந்தால்... வாங்கலாமா?

‘ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப் விற்பனைக்கு. இன்னும் 12 வருடம் பாக்கி. வருடத்துக்கு 7 இரவுகள். அவசரத் தேவை, 1,20,000 ரூபாய்க்குத் தரலாம்.’

அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவிலோ, பழைய பொருள்கள் விற்கும் தளத்திலோ இப்படி ஓர் அறிவிப்பு வந்தால், பலருக்கும் மனசு ஒரு நிமிடம் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று சுற்றிவிட்டு வரும். அடுத்த நிமிடம் இன்னொரு யோசனையும் எட்டிப் பார்க்கும். ‘நாம் போகாத வருடம் யாருக்காவது வாடகைக்கு விட்டால் போட்ட பணம் வந்துவிடுமே!’

வருமா? கணக்குப் போடும் முன் கையில் வாங்குவது என்ன என்று தெரிய வேண்டும்.

பத்திரம் இல்லாத சொத்து

1960-களில் ஐரோப்பாவில் பிறந்த யோசனை டைம்ஷேர். ஓர் அறையை முழுதாக ஒருவர் வாங்காமல், வருடத்தின் வாரங்களைப் பலர் பங்கு போட்டுக்கொள்வதுதான் அதன் அடிப்படை. ஓர் ஊரில் வாங்கிய வாரத்தை வேறு ஊரில் மாற்றிக்கொள்ள உதவும் ஆர்.சி.ஐ நிறுவனம் அமெரிக்காவில் 1974-ல் தொடங்கியது. நம் நாட்டில் ஸ்டெர்லிங் 1986-லும், மஹிந்திரா ஹாலிடேஸ் 1996-லும் இந்தத் தொழிலுக்கு வந்தன.

அமெரிக்காவில் பல டைம்ஷேர்கள் பத்திரம் எழுதிக் கொடுக்கப்படும் சொத்துகள். நம் ஊரில் பெரும்பாலும் விற்கப்படுவது குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத் தங்கிக்கொள்ளும் உரிமை மட்டும்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு கிடையாது. வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்க வழி கிடையாது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அதன் மதிப்பு பூஜ்யம். நிலம், நகை போல இதுவும் வருடா வருடம் ஏறும் என்று நினைத்தால் அது தவறு. ஐஸ்கட்டி போல இது கரைந்துகொண்டே போகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெம்பர் வாங்குவது அறையை அல்ல, அறையைக் கேட்கும் உரிமையை. மே மாதம் ஊட்டியில் அறை வேண்டும் என்று அவர் கேட்கும் அதே நாளில், மற்ற மெம்பர்களும் அதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

விற்பவர் ஏன் விற்கிறார்?

விற்பவரை ஏமாற்றுக்காரர் என்று நினைக்கத் தேவையில்லை. பத்து வருடம் முன்பு ஒரு ஹோட்டல் ஹாலுக்கு அழைத்து, டின்னர் கொடுத்து, மூன்று மணி நேரம் பேசி விற்றிருப்பார்கள். இப்போது பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போயிருப்பார்கள். மலைப்பாதைப் பயணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கும். ஆனால், வருடா வருடம் ஒரு பில் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கும். அதுதான் ஆண்டுச் சந்தா. அறையில் தங்கினாலும் தங்காவிட்டாலும் கட்ட வேண்டும். அதன்மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. விலைவாசியோடு சேர்ந்து சந்தாவும் ஏறும்.

விற்பவர் மெம்பர்ஷிப்பை மட்டும் விற்கவில்லை, அந்தப் பில்லையும் சேர்த்துக் கைமாற்றுகிறார். விலை பாதியாகவோ, கால்வாசியாகவோ இறங்கியிருப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான். புதிதாக விற்கும்போது விலையில் சேர்க்கப்படும் விளம்பரச் செலவும் கமிஷனும் கைமாறும்போது இல்லை என்பது மற்றொரு காரணம்.

ஒரு இரவுக்கு எவ்வளவு?

இந்த அறிவிப்பையே ஓர் உதாரணக் கணக்காக எடுத்துக்கொள்வோம். விலை 1,20,000 ரூபாய். பெயர் மாற்றக் கட்டணம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதலில் கையைவிட்டுப் போவது 1,45,000. ஆண்டுச் சந்தா 20,000 ரூபாய், ஜி.எஸ்.டி சேர்த்து 23,600. அது வருடத்துக்கு 6 சதவிகிதம் ஏறுகிறது என்றால், 12 வருடத்தில் கட்டும் சந்தா மட்டும் சுமார் 3,98,000 ரூபாய். ஆக மொத்தம் 5,43,000.

12 வருடத்துக்கு 84 இரவுகள். ஒரு இரவுகூட விடாமல் தங்கினால், இரவுக்கு சுமார் 6,460 ரூபாய். வேலை, பரீட்சை, வீட்டு விசேஷம், உடம்புக்கு முடியாதது என்று வருடத்துக்கு 5 இரவுதான் தங்க முடிந்தது என்றால், அதுவே 9,050 ரூபாய் ஆகிவிடும். சாப்பாடும் பயணமும் தனி.

‘ஒன்றேகால் லட்சத்துக்கு 12 வருடம் ஓசித் தங்கல்’ என்று தோன்றியது, உண்மையில் ஐந்தரை லட்ச ரூபாய்ச் செலவு. வாங்கும் விலையைப் பேரம் பேசி இருபதாயிரம் குறைப்பதைவிட, சந்தா எவ்வளவு, அது எப்படி ஏறுகிறது என்பதைத் தெரிந்துகொள்வதே முக்கியம். விற்பவரிடம் கடந்த ஐந்து வருட சந்தா பில்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தாலே பாதி உண்மை விளங்கிவிடும்.

சீசன் எந்த நிறம்?

பல நிறுவனங்கள் வருடத்தை சீசன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்திருக்கின்றன. உச்ச சீசன் மெம்பர் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். கீழ் சீசன் மெம்பருக்கு மேல் சீசன் வாரங்கள் பொதுவாகக் கிடைக்காது. கைமாறி விலை குறைவாக வருபவற்றில் கீழ் சீசன் மெம்பர்ஷிப்புகள் நிறைய உண்டு.

மதுரையில் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். அவர் அடுத்த வருடம் ரிட்டயர் ஆகிறார். அவர் மனைவி பள்ளி ஆசிரியை. இன்னும் நான்கு வருட சர்வீஸ் இருக்கிறது. மகள் பெங்களூரில், பேரன் மூன்றாம் வகுப்பு. ‘எல்லாரும் சேர்ந்து வருடத்தில் ஒரு வாரம்’ என்ற ஆசையில்தான் அவர் மெம்பர்ஷிப் வாங்கப் பார்க்கிறார். மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: “என்னங்க, ஜூலையில யாருக்கு லீவு?”

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், கீழ் சீசன் மெம்பர்ஷிப் எவ்வளவு மலிவாக வந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு உதவாது. பள்ளி நாளில் பேரனை அழைத்துப் போக முடியாது. தம்பதி மட்டும் போகலாம் என்றாலும், கூட்டமில்லாத மாதங்களில் ஹோட்டல்காரர்களே வாடகையைக் குறைத்துத் தருகிறார்கள். அதற்கு 12 வருட ஒப்பந்தம் எதற்கு? ஒரு மெம்பர்ஷிப்பின் உண்மையான மதிப்பு, வெளியே அறை வாடகை எகிறும் நாள்களில்தான் தெரியும். அறை கிடைக்கத் திண்டாட வேண்டியிருப்பதும் அதே நாள்களில்தான்.

இதைப் பார்த்துவிட சுலபமான வழி ஒன்று உண்டு. விற்பவரையே பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கணக்கில் லாகின் செய்யச் சொல்ல வேண்டும். அடுத்த மே மாதம், தீபாவளி, கிறிஸ்துமஸ் விடுமுறை ஆகியவற்றுக்குப் பிடித்த மூன்று ஊர்களைத் தேடிப் பார்க்க வேண்டும். திரையில் தெரிவதுதான் வாங்கப்போகும் பொருள்.

வாடகைக்கு விட்டால்?

ஒரு இரவுக்கு 5,000 ரூபாய் வீதம் 7 இரவையும் வாடகைக்கு விட்டால் 35,000 ரூபாய். சந்தா 23,600 போக, முதல் வருடம் கையில் நிற்பது 11,400. போட்ட 1,45,000-க்கு இது ஏறக்குறைய 8 சதவிகிதம். ‘பேங்க் வட்டியைவிட அதிகமாச்சே’ என்று தோன்றும். ஆனால், பேங்கில் போட்ட அசல் திரும்பி வரும். இதில் 12 வருடம் கழித்து அசல் கிடையாது.

வாடகையும் சந்தாவைப் போலவே வருடம் 6 சதவிகிதம் ஏறுகிறது, ஒரு இரவுகூடக் காலியாகவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், 12 வருடத்தில் சந்தா போகக் கிடைப்பது சுமார் 1,92,000 ரூபாய். போட்ட பணத்தைக் கழித்தால் லாபம் 47,000. அதே 1,45,000-ஐ 7 சதவிகித வட்டியில் எஃப்.டி-யாகப் போட்டிருந்தால் 3,26,000-க்கு மேல் ஆகியிருக்கும். கிடைக்கும் வாடகையை அவ்வப்போது அதே வட்டியில் சேமித்து வந்தாலும் அந்தத் தொகையை எட்டாது. வாடகை ஏறாமல் 35,000-லேயே நின்றால், எட்டாவது வருடம் சந்தா வாடகையைத் தாண்டிவிடும். அதன்பின் கையிலிருந்துதான் போட வேண்டும்.

நடைமுறைச் சிக்கல்கள் வேறு. ஒப்பந்தத்தில் ‘வணிக நோக்கில் வாடகைக்கு விடக் கூடாது’ என்று இருக்கலாம். மீறினால் மெம்பர்ஷிப்பையே முடக்கலாம். விருந்தினரை அனுப்பத் தனிக் கட்டணம் இருக்கலாம். வந்து தங்குபவர் டி.வி-யை உடைத்தால் பில் மெம்பர் பெயருக்கு வரும். கடைசி நேரத்தில் அவர் வரவில்லை என்றால் அந்த இரவு வீண். போதாததற்கு அதே ரிசார்ட் தன் அறைகளைத் தானே தள்ளுபடியில் விற்கும். அதோடு போட்டி போட வேண்டும். கிடைக்கும் வாடகையை வருமான வரிக் கணக்கிலும் காட்ட வேண்டும்.

சட்டப்படியும் ஒரு சிக்கல் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை ‘நுகர்வோர்’ என்று ஏற்பதில்லை. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய குடும்பம், தான் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வாடகைக்கு விடவே வாங்கியவரிடம், ‘நீங்கள் நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் உண்டு.

‘தங்காவிட்டால் பணம்’ என்றால்...

இடைத்தரகரோ, நிறுவனமோ ‘நீங்கள் போக வேண்டாம், நாங்களே வாடகைக்கு விட்டு லாபம் தருகிறோம்’ என்று சொன்னால் இன்னும் ஜாக்கிரதை தேவை. மும்பையின் பான்கார்டு கிளப்ஸ் இப்படித்தான் ஹோட்டல் இரவுகளை விற்றது. தங்காதவர்களுக்குக் காலம் முடிந்ததும் கூடுதல் தொகை என்றது. இது பதிவு பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று முடிவு செய்த செபி, பணத்தைத் திருப்பித் தர 2016 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அப்போது திரட்டப்பட்டிருந்த தொகை 7,000 கோடி ரூபாய்க்கும் அதிகம். பணம் போட்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். விடுமுறையை வருமானம் என்று சொல்லி விற்றால், அது விடுமுறை அல்ல, முதலீடு. செபியில் பதிவு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

வாங்குவது என்று முடிவானால்...

எல்லாம் பார்த்த பிறகும், வருடம் தவறாமல் ஒரு வாரம் வெளியூர் போகும் குடும்பம், பல மாதங்களுக்கு முன்பே திட்டமிடும் பழக்கம், உச்ச சீசன் மெம்பர்ஷிப், இரவுக்கணக்கும் வெளி வாடகையைவிடக் குறைவு என்றால் தாராளமாக வாங்கலாம். புதிதாக வாங்குவதைவிட இது நிச்சயம் லாபம். ஆனால்:

• மீதி ஆண்டுகள், சீசன், அறை அளவு, சந்தா பாக்கி, இ.எம்.ஐ பாக்கி ஆகிய ஐந்தையும் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டும். விற்பவரின் வாய்ச்சொல் போதாது.

• சேர்ந்திருக்கும் பழைய இரவுகளும், ஆர்.சி.ஐ போன்ற மாற்றுச் சலுகைகளும் புதியவருக்கு வருமா என்று கேட்க வேண்டும். கைமாறும்போது சில சலுகைகள் போய்விடுவது உண்டு.

• பெயர் மாற்றக் கட்டணத்தை யார் கட்டுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

• நடுவில் வேண்டாம் என்றால் சரண்டர் செய்ய முடியுமா, சந்தா கட்டாவிட்டால் என்ன ஆகும் என்ற பக்கங்களை ஒப்பந்தத்தில் படித்தே ஆக வேண்டும்.

• அட்வான்ஸ் சிறிதாக இருக்கட்டும். முழுப் பணம், நிறுவனம் பெயர் மாற்றத்தை உறுதி செய்த பிறகு, வங்கி மூலம் மட்டும்.

விற்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘வாங்க ஆள் ரெடி, பதிவுக் கட்டணமும் வரியும் மட்டும் முன்கூட்டியே அனுப்புங்கள்’ என்று முன்பின் தெரியாதவர் போன் செய்தால், ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. அமெரிக்க அரசு அமைப்புகளே எச்சரிக்கும் பழைய மோசடி இது; நம் ஊருக்கும் பொருந்தும். சந்தேகம் வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

முடிவெடுக்கத் தயங்குபவர்கள் ஒரு வருடம் சோதித்துப் பார்க்கலாம். உதாரணக் கணக்கில் வரும் 23,600 ரூபாய் சந்தா, மாதம் சுமார் 2,000 ரூபாய்தான். அதை ஆர்.டி-யாகப் போட்டு, அந்தப் பணத்தில் பிடித்த ஊரில், பிடித்த தேதியில் அறை எடுத்துத் தங்கிவிட்டு வரலாம். அந்த வருடம் போக முடியவில்லை என்றாலும் பணம் அப்படியே இருக்கும். போகாத வருடத்துக்கும் பில் கட்டச் சம்மதமா என்பதை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசிவிட்டால், மெம்பர்ஷிப் வேண்டுமா, வேண்டாமா என்பது தானாகத் தெரிந்துவிடும்.