தூதர்க்குரிய காப்பு துமுக்கிக்கும் உண்டோ?

தூதரைச் சிறைப்பிடித்தல் ஆகாது என்னும் முறையைத் தமிழனுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. திருவள்ளுவர் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் ஔவை தூது சென்றாள். 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை அப் பழைய முறையையே எழுத்தில் நிறுத்தியது. அதனை நாம் மறுக்கவில்லை. அதன் நிழலில் கொலைக்குற்றம் ஒதுங்கியதையே மறுக்கின்றோம்.

2012 பிப்பிரவரி 15-ஆம் நாள். கேரளக் கரையினின்று ஏறத்தாழ 20 கடல்மைல் தொலைவில், ‘என்றிக்கா இலெக்சி’ என்னும் இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து பாய்ந்த குண்டுகள் மீனவர் இருவரைக் கொன்றன. அவருள் ஒருவர் நம் குமரி மாவட்டத்தார். கப்பலிலிருந்த இத்தாலியக் கடற்படைஞர் இருவர்மேல் கொலைக்குற்றம் சாட்டப்பெற்றது. கடற்கொள்ளையரென எண்ணினராம்! வலையும் மீனும் ஏற்றிய படகில் எந்தக் கொள்ளையைக் கண்டனரோ?

2013-இல், தம் நாட்டுத் தேர்தலில் வாக்களிக்க அவ் விருவரும் விடுப்புக் கேட்டனர். திரும்புவர் என்று இத்தாலியத் தூதரே தம் அரசின் பெயரால் உச்ச முறைமன்றத்தில் உறுதி எழுதிக் கொடுத்தார். போனபின், ‘அனுப்ப மாட்டோம்’ என்றது அவ் வரசு. தூதர் நாட்டைவிட்டு வெளியேறலாகாது என்று முறைமன்றம் தடுத்தது. தூதரின் காப்பைக் கைவிட வேண்டியது அவரை விடுத்த அரசே. ஆகலின் அத் தடை உடன்படிக்கைக்கு மாறு என்றனர் சட்டமறிஞர் பலர். இருக்கட்டும். தூதனின் சொல்லைத் தூது விடுத்தவனே விழுங்குவானாயின் தூதனுக்கு என்ன மதிப்பு? மார்ச்சு 22-இல் இருவரும் திரும்பிவந்தனர் என்பதையும் மறவாதீர்.

பின்னர் வந்ததுதான் பெருங்கொடுமை. அவ் விருவரும் அரசின் கடமையாளர். ஆகவே இந்திய மன்றங்கள் அவர்களை உசாவவியலாது என்று 2020-இல் பன்னாட்டு நடுவர்மன்றம் தீர்த்தது. ஐவருள் மூவர் அப் பக்கம். தனியார் வணிகக் கப்பலுக்குக் காவல் நின்றவனுக்கும் அரசக் காப்பாம்! தூதன் ஓலையோடு வருகின்றான். இவன் துமுக்கியோடு நின்றான். இரண்டும் ஒன்றா?

புளியந்தோப்பு உழைப்பாளத் தோழர்களே, கூப்பிடு தொலைவிலுள்ள காசிமேட்டிலிருந்து நாள்தோறும் கடலேறும் நம்மவர்க்கு எக் காப்பு உண்டு? அவர்தம் உயிருக்கு இழப்பீடு மட்டும் உண்டு. 2021-இல் பத்துக் கோடி உருபாவைப் பெற்றுக்கொண்டு இங்கே வழக்கு முடிக்கப்பெற்றது. இத்தாலி தானே உசாவும் என்றனர். 2022-இல் உரோமை மன்றம் அதனையும் மூடிவிட்டது.