பதினொன்றாவது நாற்காலி

2025 அக்டோபர் 26, கோலாலம்பூர். கிழக்குத் திமோர் ஆசியானின் பதினொன்றாவது உறுப்பு நாடானது. நானும் மகிழ்ந்தேன். ஆனால் மறுநாள் நம்மாட்கள் சிலர் 'ஆசியான் குடும்பம் பெரிசாயிடுச்சு' என்று புளகாங்கிதப்பட்டபோது எரிச்சல்தான் வந்தது.

குடும்பமா? திமோர் விண்ணப்பித்தது 2011-இல். 14 வருஷம் வாசலிலேயே நிற்க வைத்தார்கள். பொருளாதாரம் சிறிசு, அதிகாரிகள் போதாது, உறுப்பு நாட்டின் பொறுப்புகளைத் தாங்குமா என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். சரி, தகுதி பார்க்கட்டும். ஆனால் 1997 ஜூலையில் மியன்மாரைச் சேர்த்தபோது எந்தத் தகுதியைப் பார்த்தார்கள்? 1990 தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி ஜெயித்தும் ஆட்சியைக் கொடுக்காத இராணுவம் அது. 1996-இல் பார்வையாளர், அடுத்த வருஷமே உறுப்பினர்.

'உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை, அதான் கொள்கை' என்பார்கள். அதே 1997-இல் கம்போடியாவில் ஹுன் சென் கூட்டணிப் பிரதமரை ஆயுத பலத்தால் விரட்டினார். உடனே அந்நாட்டின் சேர்க்கை தள்ளிப்போனது. 1999-இல்தான் உள்ளே விட்டார்கள். அப்போ, மனசிருந்தால் தலையிட முடியும்.

ஐரோப்பிய ஒன்றியம் 1993-இல் கோப்பன்ஹேகனில் வகுத்த நிபந்தனைகளில் ஜனநாயகமும் மனித உரிமையும் முன்னால் நிற்கின்றன. ஆசியான் சாசனத்தின் ஆறாவது பிரிவு கேட்பது நான்கு: இந்த வட்டாரத்தில் இருக்கணும், எல்லா உறுப்பினரும் அங்கீகரிக்கணும், சாசனத்துக்குக் கட்டுப்படணும், கடமைகளைச் செய்யும் திறனும் விருப்பமும் இருக்கணும். ஜனநாயகம் தனி நிபந்தனையாக இல்லை. வைத்தால் இப்போது உள்ளே இருப்பவர்களில் எத்தனை பேர் தேறுவார்கள்? அந்தப் பயம்தான் இந்த மௌனத்துக்குக் காரணம் என்பது என் வாதம்.

நம் நகரத்துக்கும் இதில் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 1975 முதல் 1999 வரை இந்தோனேசியா திமோரைப் பிடித்து வைத்திருந்தபோது ஆசியான் வாய் திறக்கவில்லை. 1996 நவம்பரில் இதே கோலாலம்பூரில் திமோருக்காக ஒரு மாநாடு நடந்தது. ஆளுங்கட்சி இளைஞர்கள் புகுந்து அதைக் கலைத்தார்கள். போலீஸ் கைது செய்தது மாநாட்டுக்கு வந்தவர்களையும்தான்.

அன்று திமோரின் பெயரைச் சொன்னதற்கு லாக்கப். இன்று அதே ஊரில் செங்கம்பளம். வரவேற்போம், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வரவேற்புரை எழுதுகிறவர்கள் 1996-க்கும் ஒரு வரி எழுதட்டும். அதை மறைத்துவிட்டுக் குடும்பம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.